எட்டுக் கை வைத்த சட்டை

ஆவரங்காட்டில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாவு மில் நடத்திவந்த பூவராகனுக்கும் அவருடைய மூன்று தம்பிகளுக்கும் துணி வாங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. அவர்கள் வாங்குகிற எந்தச் சட்டையிலும் சாயம் நிற்பதில்லை. காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு மில்லுக்குப் போவார்கள். நாலு மூட்டை அரிசி அரைத்து முடித்துக் குனிந்து பார்த்தால் சட்டை வெள்ளையாக இருக்கும். பச்சை வாங்கினார்கள், அதுவும் வெளுத்தது. கறுப்பு வாங்கினார்கள், அது இன்னும் மோசமாக வெளுத்தது. நாட்டில் ஒரு துணிக்கடைக்காரனுக்கும் நேர்மை இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே, வாரம் தவறாமல் புதுச் சட்டை வாங்கிவந்தார்கள்.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பூவராகன் பீரோவைத் திறந்தார். உள்ளே இருந்தது அத்தனையும் அவர்மேல் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டுத் தம்பிகள் ஓடிவந்தார்கள். அறை நிறையச் சட்டை கிடந்தது, அண்ணனைக் காணவில்லை. பெரிய தம்பி திருமேனி ஒரு சட்டையைக் கையில் எடுத்தான்.

"அண்ணே, இதுக்குள்ள இருக்கீங்களா?"

"அதுல இல்லைடா" என்று குவியலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இதுல?"

"அதுலயும் இல்லை."

அடுத்தவன் அய்யாத்துரை பைகளைத் தடவிப் பார்த்தான். கடைக்குட்டி குஞ்சிதபாதம் பார்த்து முடித்த சட்டைகளை ஒழுங்காக மடித்து மறுபடியும் குவியலின் மேல் வைத்தான். இப்படி அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் பூவராகனின் மனைவி செங்கமலம் அடுப்படியிலிருந்து வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பிடித்து இழுத்தாள்.

செங்கமலம் அன்று மத்தியானம் பேருந்துக்குக் கிளம்பவேண்டியவள். வியாழக்கிழமை பிறந்த வீட்டில் அவளுடைய தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காலேஜில் வாத்தியார். அந்த வீட்டில் பூவராகனுக்கு 'மாவு மாப்பிள்ளை' என்று ஒரு பெயர் ஏற்கெனவே உண்டு. இந்தத் தடவையாவது ஒரு குறையும் இல்லாமல் போய் நிற்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதைவிட அதிகமாக அது பூவராகனுடைய ஆசை. ஆறு வருஷத் தாம்பத்தியத்தில், தன்னைப் பார்த்து அவள் "பரவாயில்லையே" என்று ஒரு தடவை சொல்லிக் கேட்கவேண்டும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே செங்கமலம் சொன்னாள்: "இந்தாங்க, இனிமே துணி வாங்கறதுக்குன்னு ஒரு ஒழுங்கு வெச்சுக்கணும். கண்ணுல பட்டதும் வாங்கக் கூடாது. இது தேவையான்னு கேக்கணும். முப்பது தடவையாவது போட்டா தாங்குமான்னு பாக்கணும். கல்யாணத்துக்கு நீங்க நாலு பேரும் ஒரே ஒரு சட்டை, நல்லதா வாங்கிப் போட்டுக்கிட்டுச் சேர்ந்து வாங்க. அதுக்கு மேல ஒண்ணு வாங்கினீங்கன்னு தெரிஞ்சா நான் அங்கேயே இருந்துக்குவேன், திரும்பி வரமாட்டேன்."

பேருந்து திரும்புகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் 'ஆளுக்கு' என்று ஒரு சொல்லை அவள் விட்டுவிட்டாள். பேருந்து ஏறிப் போய்விட்டாள்.

சொன்னதையெல்லாம் திருமேனி காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்கொண்டான். நான்கு பேரும் மில்லில் மாவுச் சல்லடையைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நாலு பேருக்கும் ஒரே ஒரு சட்டைன்னா எப்படிண்ணே?" என்றான் அய்யாத்துரை.

"அண்ணி ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லியிருப்பாங்க" என்றான் குஞ்சிதபாதம்.

திருமேனி தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். "ஆளுக்குன்னு இல்லை. முன்பக்கத்துலயும் இல்லை. அங்க திங்கட்கிழமை ராகுகாலம்தான் போட்டிருக்கு."

"முறை வெச்சுப் போட்டுக்கலாமா? முதல்ல அண்ணன் போட்டுக்கிட்டுப் போயிட்டு வரட்டும். அப்புறம் நாம ஒவ்வொருத்தரா" என்றான் அய்யாத்துரை.

"சேர்ந்து வாங்கன்னு எழுதியிருக்கு."

எல்லோரும் பூவராகனைப் பார்த்தார்கள். பூவராகன் பெருமூச்சு விட்டார். அவளில்லாமல் அன்று மத்தியானம் சாப்பிட்டதே அவருக்கு ருசிக்கவில்லை. "அவ அங்கேயே இருந்துக்குவேன்னு சொல்லியிருக்கா. நாம ஏன் சொந்தமா யோசிக்கணும்? சொன்னதை அப்படியே செஞ்சிடுவோம்" என்றார்.

மறுநாள் கடைவீதியில் பெரிய துணிக்கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் ஒரு சந்தன நிறச் சட்டையை விரித்துக் காட்டினார். பூவராகன் அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்: "தேவையா?"

சட்டை ஒன்றும் சொல்லவில்லை.

"சத்தமாக் கேளுங்கண்ணே, ஃபேன் ஓடுது" என்றான் குஞ்சிதபாதம்.

அவர் சத்தமாகக் கேட்டார். சட்டைக்குப் பதிலாக விற்பனையாளர், "ரொம்பத் தேவை சார், கட்டாயம் தேவை" என்றார்.

பூவராகனுக்கு மனம் இளகிவிட்டது. தேவை என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னபிறகு எப்படி எடுத்துக்கொண்டு போவது? "அப்ப நீங்களே வெச்சுக்குங்க தம்பி" என்று சட்டையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். இப்படி ஏழு சட்டை ஆனது. ஏழும் அந்த விற்பனையாளருக்கே தேவையாக இருந்தது. சம்பளம் போதாமல் பாவம் கஷ்டப்படுகிறார்போல என்று நான்கு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

எட்டாவது சட்டையைக் காட்டியபோது விற்பனையாளர் களைத்துப்போய், "தேவையில்லைன்னா விடுங்க சார்" என்றார். அவருக்குத் தேவையில்லை என்று தெரிந்ததும் பூவராகன் அதை எடுத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கும் அறைக்குள் நுழைந்தார்.

முப்பது தடவை போட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா? உள்ளே போட்டு, கழற்றி, போட்டு, கழற்றி ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டினார். வெளியே அய்யாத்துரை எண்ணினான். பதினேழாவது தடவை, வரிசையில் நின்ற ஒருவர் "மணி என்ன?" என்று கேட்டார். அய்யாத்துரை "பதினொண்ணு" என்றான். அடுத்த தட்டலுக்கு "பன்னிரண்டு" என்றான். அதனால் பூவராகன் ஆறு தடவை கூடுதலாகப் போடவேண்டி வந்தது. அவர் வெளியே வந்தபோது சட்டையில் பொத்தான் ஒன்றும் இல்லை, ஒரு கை பாதி தொங்கியது. அவருடைய முகம் மட்டும் திருப்தியாக இருந்தது.

"நல்லவேளை, பார்த்தோம். இது தாங்காது. வேற காட்டுங்க" என்றார்.

கடை மேலாளர் வந்தார். நல்ல மனுஷர். நாலு பேர் முகத்தையும் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், குரலை உயர்த்தவில்லை. "ஐயா, உங்களுக்கு ரெடிமேட் சரிப்படாது. எங்கேயாவது தைச்சுப் போட்டுக்குங்க" என்று வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவர் கதவைச் சாத்திய விதத்திலிருந்தே அது உறுதியான அபிப்பிராயம் என்று தெரிந்தது.

தையல்காரர் வடமலைக்கு ஐம்பது வயது. முப்பது வருஷமாகத் தலையணை உறையும் உள்பாவாடையும் தைத்து அலுத்துப்போனவர். ஒரே சட்டையில் நாலு பேர் என்று கேட்டதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எச்சில் தொட்டுப் பென்சிலைக் கூர்மை பார்த்தார்.

"சட்டை ஒண்ணு. கழுத்து நாலு. கை எட்டு. சரிதானே?"

"எட்டு எதுக்கு?" என்றான் திருமேனி. துணியை வீணாக்கக் கூடாது என்பதில் அவன் கண்டிப்பானவன். "ஓரத்துல நிக்கறவங்களுக்கு வெளிப்பக்கம் ஒரு கை போதும். நடுவுல நிக்கறவங்களுக்குக் கையே வேண்டாம்."

நடுவில் நிற்கப்போகிறவர்களில் ஒருவன் அய்யாத்துரை. அவன் கொஞ்சம் யோசித்தான். "கல்யாணத்துல பந்தி போடுவாங்களே" என்றான்.

எட்டுக் கை என்று முடிவாயிற்று. ஆனால் பை ஒன்று போதும் என்று திருமேனி சாதித்தான். வீட்டில் சீப்பு ஒன்றுதான் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் சட்டை தயாரானது. இளமஞ்சள் நிறம். வடமலை அதை விரித்துப் பிடிக்க இடம் போதாமல் தெருவுக்கு வந்தார். எதிர்க் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

வியாழக்கிழமை காலை நான்கு பேரும் குளித்து, பட்டையாக விபூதி பூசி, சட்டைக்குள் நுழைந்தார்கள். ஓரத்தில் பூவராகன், அப்புறம் திருமேனி, அப்புறம் அய்யாத்துரை, கடைசியில் குஞ்சிதபாதம். வீட்டு வாசலில் கொஞ்சம் சிரமம். நேராக வரமுடியாது என்பதைக் கண்டுபிடிக்கக் கால்மணி ஆயிற்று. பிறகு பக்கவாட்டில், மேசை இழுப்பறை வெளியே வருவதுபோல வந்தார்கள். பேருந்திலும் அப்படியே ஏறினார்கள். கண்டக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை பேரு?" என்றார்.

"ஆள் நாலு, சட்டை ஒண்ணு" என்றார் பூவராகன்.

"சட்டைக்கு டிக்கெட் இல்லை" என்றார் கண்டக்டர். அந்த நேர்மை பூவராகனுக்குப் பிடித்திருந்தது.

மண்டப வாசலில் செங்கமலம் பன்னீர்ச் சொம்போடு நின்றாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். மஞ்சளாக ஏதோ வருவதைப் பார்த்து, விளம்பரத் துணி கட்ட ஆள் வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே வந்ததும் அதில் தன் கணவர் தலை இருந்தது.

"என்னங்க இது?" என்றாள்.

"நீ சொன்னதுதான். ஒண்ணே ஒண்ணு. நாலு பேரும் சேர்ந்து வந்திருக்கோம். வேற ஒண்ணும் வாங்கலை" என்றார் பூவராகன். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செங்கமலம் தான் சொன்னதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். 'ஆளுக்கு' என்று அவள் உதடு அசைந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பூவராகனுக்குத் தெரியவில்லை. திரும்பியபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"உள்ள போங்க. ஊருக்கு வந்து பேசிக்கலாம்" என்றாள்.

ஊருக்கு வருகிறாள். பூவராகனுக்கு அது போதும். நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்துக் கழுத்துப்பட்டிகள் மூன்றும் இழுபட்டு, தம்பிகள் சற்றுத் திணறினார்கள்.

அட்சதை போடும்போது எட்டுக் கை ஒன்றாக உயர்ந்ததைப் பார்த்து மேளக்காரர் ஒரு தாளம் விட்டார். பந்தியில் குஞ்சிதபாதம் சீக்கிரம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தான். மற்ற மூன்று பேரும் எழவேண்டியதாயிற்று. அய்யாத்துரை பாயசத்தை நோக்கி நீட்டிய கையோடு போனான். ஆனாலும் பெண்வீட்டு மாமன் ஒருவர் அவர்களை நிறுத்தி வைத்து, தன் பையன்களுக்குக் காட்டினார். "பாருங்கடா, அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்" என்றார். காலேஜ் வாத்தியார் மாப்பிள்ளை மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, இது எந்த ஊர்ப் பேஷன் என்று பக்கத்தில் விசாரித்தார்.

சாப்பாடு முடிந்ததும் செங்கமலத்தின் அப்பா தாம்பாளத்தோடு வந்தார். மூத்த மாப்பிள்ளைக்கு மரியாதை செய்யவேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், சரிகை வேட்டி, அதன்மேல் மடிப்புக் கலையாத ஒரு பட்டுச் சட்டை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவராகன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சட்டையைப் பிரித்து விரித்தார்.

அவர் முகம் மெல்ல மாறியது. சட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். தம்பிகளும் ஆளுக்கொரு பக்கம் தொட்டுத் தடவித் தேடினார்கள்.

"மாமாவை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றான் திருமேனி ரகசியமாக.

சபையில் பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று பூவராகன் கிட்டே குனிந்தார். அவர் குனியவும் நாலு பேரும் குனிந்தார்கள்.

"மாமா, பில்லைப் பத்திரமா வெச்சிருக்கீங்களா? இது டேமேஜ் பீஸ். கை ரெண்டுதான் இருக்கு."