பெரியதா, சின்னதா?

வேங்கைக்குளம் சமஸ்தானத்து ராஜா மகுடராயருக்கு ஏரியில் உல்லாசமாகச் சுற்றிவர ஒரு மோட்டார் படகு வேண்டுமென்று ஆசை வந்துவிட்டது. ராஜா ஆசைப்பட்டால் கேட்கவா வேண்டும்? பட்டணத்திலிருந்து இரண்டு படகு வந்து இறங்கின. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அரண்மனைப் படித்துறையிலோ ஒன்றைக் கட்டத்தான் இடம்.

ராஜா இரண்டிலும் ஏறிப் பார்த்துவிட்டு நேரே சபைக்கு வந்தார்.

"பெரியது என்ன சத்தம் போடுகிறது! காது கிழிகிறது. திரும்பச் சொன்னால் லேசில் திரும்பமாட்டேன் என்கிறது. சின்னது பார்க்க லட்சணம்தான், ஆனால் ஆட்டம் ஜாஸ்தி. எப்போது ஆளைக் கவிழ்க்குமோ. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடலாம்" என்றார்.

திரைக்குப் பின்னால் பெரிய ராணியும் சின்ன ராணியும் உட்கார்ந்திருந்தார்கள். படகு வந்த சேதி பாவம் அவர்களுக்குத் தெரியாது. அந்த அரண்மனையில் 'பெரியது', 'சின்னது' என்றால் யார் என்பது குதிரை லாயம் வரைக்கும் பிரசித்தம். அப்புறம் என்ன? இரண்டு அந்தப்புரக் கதவும் படாரென்று சாத்திக்கொண்டன. மத்தியானம் இரண்டு சமையற்கட்டிலும் அடுப்பு எரியவில்லை.

ராஜா கதவுக்குக் கதவு போய், "படகைச் சொன்னேன் அம்மா, படகை" என்று கெஞ்சினார்.

"சரி, அப்படியே இருக்கட்டும். எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று இரண்டு கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரே கேள்வி வந்தது. எதைச் சொன்னாலும் ஒரு கதவு திறக்காது என்று ராஜா மெல்லப் பின்வாங்கினார்.

ஆஸ்தான வித்துவான் கோனேரியைக் கூப்பிட்டார். பாட்டு எழுதுவதைவிட வாய் வளர்ப்பதில் கெட்டிக்காரன் அவன்.

"கோனேரி, பசி உயிர் போகிறது. பொழுது சாய்வதற்குள் ரெண்டு பேரும் சிரிக்கவேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் படகில் நீயும் ஏறிக்கொள். திரும்பி வராதே."

கோனேரி ஒரு வாளி வெள்ளைச் சாயம் வாங்கினான். பெரிய படகின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'சின்ன ராணி' என்று எழுதினான். பிறகு பெரிய ராணியின் கதவைத் தட்டினான்.

"அம்மா, நிற்கப்போவது பெரியதுதான். பெயர் மட்டும் 'சின்ன ராணி'. இனிமேல் தினமும் நீங்கள் சின்ன ராணி தலைமேல் ஜம்மென்று உட்கார்ந்து போகலாம்."

தாழ்ப்பாள் விலகிற்று. அடுத்த கதவுக்கு ஓடினான்.

"அம்மா, படகுக்கு உங்கள் பெயர். 'சின்ன ராணி' வரும்வரை உங்கள் அக்கா படித்துறையில் கால்கடுக்க நிற்கவேண்டும். சின்ன ராணி தயவில்லாமல் ஓரடி நகர முடியாது."

உள்ளே களுக்கென்று சிரிப்பு. இரண்டு அடுப்பும் எரிந்தன. ராஜா இரண்டு விருந்தையும் சாப்பிட்டுத் திணறினார்.

சாயங்காலம் ராணிகளும் தோழிகளும் ஏறியதும் படகு நிரம்பிவிட்டது. ராஜா கரையில் நின்றார்.

"கோனேரி, எனக்கு இடமில்லையே. எனக்கென்று அந்தச் சின்னப் படகையும் வைத்துக்கொண்டால் என்ன?"

"வேண்டாம் மகாராஜா. ஏற்கெனவே இரண்டு படகில் கால் வைத்திருக்கிறீர்கள். மூன்றாவதற்குக் கால் ஏது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பலே! சின்னது உனக்குத்தான். இப்போதே கூட்டிக்கொண்டு போ" என்று கத்தினார்.

கத்திய வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, ஏரிப்பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.