கிழிந்த இடத்தில் ஓட்டுப் போடவும்

கூதலூர் கோதண்டன் வீட்டைப் பற்றி நான் பொய் சொல்லித் திரிகிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய் சொல்ல வேண்டிய நிலையில் அந்த வீட்டார் என்னை ஒருநாளும் வைத்ததில்லை. நடந்ததைச் சொல்லி முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. மார்கழிக் காலையில் பானைத் தண்ணீருக்குள் கை விட்டவன், வெளியே எடுத்ததும் விரல்களை ஒருதரம் எண்ணிப் பார்த்துக்கொள்வான். என் வீட்டுக்கு அடுத்த வீடு கோதண்டனுடையது. அவன் மூத்தவன். அடுத்தவன் ஏகாம்பரம். கடைக்குட்டி தொப்புளான். மூவருக்கும் பொதுவாக அந்த வீட்டில் மூளை என்று ஒன்று இருந்தது. அதன் பெயர் மரகதம், கோதண்டனின் மனைவி. அவள் தலைப்பிரசவத்துக்கு மலைக்குக் கீழே தாய்வீடு போனாள். மூளையும் கூடவே போய்விட்டது.

ஆண் பிள்ளை பிறந்தது. மூன்று மாதமாகியும் கோதண்டன் போய்ப் பார்க்கவில்லை. அது அவன் தப்பில்லை. அவனுடைய மாமனார் சீரங்கன் வேடிக்கைக்காரர். "பிள்ளையைப் பார்க்கணும்னா கண்ணாடியைப் பாருங்க மாப்பிள்ளை, அதே முகம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். இவனும் தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்கு இப்பவே மீசை நரைக்குது, சித்தப்பா" என்று ஒருநாள் என்னிடம் வருத்தப்பட்டான்.

மார்கழி பாதியில் மரகதத்தின் கடிதம் வந்தது. ஏகாம்பரம் படித்தான். மூன்றாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் ஆகையால் அந்த வீட்டில் அவனுக்குத்தான் படிப்பு அதிகம்.

"தை முதல் வெள்ளிக்கிழமை பிள்ளையோடு வருகிறேன். அப்பாவும் வருகிறார். பிள்ளை பரங்கிக்காய் மாதிரி நன்றாக இருக்கிறான். வீட்டில் ஆளுக்கொரு போர்வையும் தொட்டிலுக்கு ஒன்றும் தைத்து வைக்கவும். குளிருக்குப் போர்வை இல்லாவிட்டால் அப்பா எங்களை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அழைத்துப் போய்விடுவார். பிறகு சித்திரையில்தான் வருவோம். என் பெட்டியிலிருக்கும் பழைய சேலைகளை அலசிக் காயவைக்கவும். அளவெடுத்து வெட்டவும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடவும். ஓரத்தை மடித்து அடிக்கவும். நெருக்கமாகத் தைக்கவும்."

கோதண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சித்திரை வரைக்கும் கண்ணாடியையே பார்த்துட்டு இருக்க முடியாதுடா" என்றான். "அவ எழுதினதுல ஓர் எழுத்து மீறக் கூடாது. எழுதினபடியே செய்யணும்."

அன்றைக்கே சேலைகளை ஓடைக்குக் கொண்டுபோய் அலசினார்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பலாமரத்துக்கு நடுவே தேங்காய்நார்க் கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். அழகாகக் காய்ந்தன. அவர்கள் பிசகில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். அதனால் அது அவர்கள் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

மறுநாள் மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அளவெடுத்து வெட்டவும்" என்று ஏகாம்பரம் படித்தான்.

"யாரை?" என்றான் தொப்புளான்.

"பேர் போடலை."

"அளவு யாருக்கு எடுக்கிறோமோ அவங்களைத்தான் வெட்டணும். வேற எப்படி?" என்றான் கோதண்டன்.

"அண்ணி அப்படியெல்லாம் வெட்டச் சொல்றவங்க இல்லையே."

"யோசிச்சுப் பாருடா. ஆள் குட்டையானா சின்னப் போர்வை போதும். துணி மிச்சம். அவ சிக்கனக்காரி."

கயிற்றால் மூவரையும் அளந்தார்கள். தொப்புளான்தான் நெட்டை. அவன் மெல்ல எழுந்து வாசற்படிப் பக்கம் நகர்ந்தான்.

"பயப்படாதே. எவ்வளவு வெட்டணும்னு எழுதலை. கொஞ்சம் வெட்டினாலும் வெட்டினதுதானே?" என்று ஏகாம்பரம் சமாதானம் சொன்னான்.

தொப்புளானின் தலைமுடியை வெட்டினார்கள். மறுபடி அளந்ததில் நான்கு விரற்கடை குறைந்திருந்தான். வெட்டும் வேலை முடிந்தது என்று கத்தரிக்கோலைக் கழுவி உறியில் வைத்துவிட்டார்கள். சேலை எதையும் யாரும் வெட்டவில்லை. வெட்டச் சொல்லி ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தது.

அடுத்தது தொட்டில் போர்வை. அளவெடுக்கப் பிள்ளை இல்லை.

"கண்ணாடியை அளந்துக்கலாமா?" என்றான் கோதண்டன்.

"அதுல முகம் மட்டும்தான் அண்ணே. உடம்பு பரங்கிக்காய் மாதிரின்னு அண்ணியே எழுதியிருக்காங்க."

என் கொல்லையில்தான் பரங்கிக்காய் இருந்தது. என்னைக் கேட்கவில்லை. அதை நான் மன்னித்துவிட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை.

அளவு பிசகக் கூடாது என்று துணியைக் காயின்மேல் சுற்றிவைத்தே தைத்தார்கள். தையல் முடிந்தபோது பரங்கிக்காய் கழுத்துவரை உள்ளே இருந்தது. வெளியே வர வழியில்லை. காம்பு மட்டும் தெரிந்தது. அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டிப் பார்த்தார்கள். பொருத்தமாக இருந்தது. தொப்புளான் அதற்குத் தாலாட்டும் பாடினான்.

பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் ஏன் சொல்லித் தரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொல்லித் தரத்தான் போனேன். அதில்தான் என் சால்வை போயிற்று.

அது பச்சைக் கம்பளிச் சால்வை. சந்தையில் என் மனைவி பிரம்புக்கூடை வேண்டும் என்று நிற்க, நான் சால்வைதான் என்று நிற்க, கடைக்காரர் பஞ்சாயத்துப் பண்ணி என் பக்கம் தீர்ப்புச் சொன்ன சால்வை. அன்று அதைப் போர்த்திக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். மூவரும் சேலைகளைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு கவலையாக இருந்தார்கள்.

"கிழிந்த இடத்தில் ஓட்டுப் போடவும்னு எழுதியிருக்கு, சித்தப்பா. ஒரு சேலையிலும் கிழிசலே இல்லை. நாங்க எங்கே போய் ஓட்டுப் போடறது?" என்றான் ஏகாம்பரம்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'ஒ'வுக்குக் கீழே ஒரு சொட்டு மை விழுந்து சுழி மாதிரி இழுத்திருந்தது.

"அடேய், இது ஓட்டு இல்லைடா, ஒட்டு. துணி வெச்சுத் தைக்கிற ஒட்டு."

ஏகாம்பரம் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "சித்தப்பா, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"ரெண்டாவது."

"நான் மூணாவதை மூணு தடவை. மொத்தம் ஒன்பதாவது. சுழி எனக்குத் தெரியாதா?"

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொப்புளான் என் தோளையே பார்த்தான். "அண்ணே, சித்தப்பா சால்வையில ஒரு நூல் தொங்குது. இழுத்தா கிழிசல் கிடைக்கும்."

மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். கிடைத்தது. ஒரு முழம்.

நான் போட்ட கூச்சலில் என் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிரம்புக்கூடையாக இருந்திருந்தால் கிழிந்திருக்காது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"சித்தப்பா கோபமா இருக்காரு. அவரையும் தேர்தல்ல நிறுத்திடுவோம், சமாதானமாயிடுவார்" என்றான் கோதண்டன்.

"எதுக்கடா தேர்தல்? என்ன பதவி?"

"போர்வைத் தலைவர்."

அண்ணன் தம்பிகள் மூவரும் நின்றார்கள். கோதண்டனுக்கு ஊசி சின்னம். ஏகாம்பரத்துக்கு நூல்கண்டு. தொப்புளானுக்கு, முடியைக் கொடுத்த தியாகத்துக்காக, கத்தரிக்கோல். எனக்கு மிஞ்சியது பரங்கிக்காய். காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அடுப்புக்கரியால் வரைந்து, மடித்து, என் சால்வைக் கிழிசலுக்குள் போட வேண்டும். எனக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனால் நின்றுவிட்ட பிறகு நமக்கு நாமே ஓர் ஓட்டுப் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியுமா? பரங்கிக்காயைப் பெரிதாகவே வரைந்து போட்டேன்.

"எண்ணுங்கடா" என்றேன்.

ஏகாம்பரம் கடிதத்தை மறுபடி படித்தான். "ஓட்டுப் போடவும்னுதான் இருக்கு. எண்ணவும்னு இல்லையே, சித்தப்பா."

ஓட்டுகளோடு சேர்த்து என் சால்வையைச் சேலைகளுக்கு நடுவில் வைத்து அடுக்கிவிட்டார்கள். அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஓரத்தை மடித்து அடித்தார்கள். ஏகாம்பரம் மடிப்பைப் பிடித்துக்கொள்ள, கோதண்டன் விறகுக்கட்டையால் அடித்தான்.

"எவ்வளவு நேரம் அடிக்கணும்?"

"அது படிஞ்சு வர்ற வரைக்கும்."

மூன்றாவது அடியில் ஓரம் தப்பித்துக்கொண்டது. ஏகாம்பரத்தின் கட்டைவிரல் அகப்பட்டது. "ஓரம் கத்துது, படிஞ்சிருச்சு" என்று தொப்புளான் உள்ளேயிருந்து சொன்னான்.

இப்படியே தை பிறந்து, முதல் வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. பதினொரு மணி பஸ்ஸில் மரகதம் வருகிறாள். ஆளுக்கொரு போர்வை என்றது ஒரே பெரிய போர்வையாகக் கூடத்தை அடைத்துக் கிடந்தது. தையல் மட்டும் பாக்கி.

"நெருக்கமாகத் தைக்கவும்" என்று ஏகாம்பரம் கடைசி வரியைப் படித்தான்.

மூவரும் நெருக்கமாக உட்கார்ந்தார்கள். கோதண்டன் நடுவில், தம்பிகள் இரண்டு பக்கமும், தோளோடு தோள், முட்டியோடு முட்டி.

"இன்னும் நெருங்குடா."

"இதுக்கு மேல நெருங்கினா உன் மடியிலதான் அண்ணே உட்காரணும்."

குளிராக இருந்ததால் போர்வையை மூவருமாகக் கழுத்துவரை சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கோணி ஊசியை எடுத்துக்கொண்டு மளமளவென்று தைத்தார்கள். ஊசி சேலைக்குள் போயிற்று, என் சால்வைக்குள் போயிற்று, அவர்கள் வேட்டிக்குள் போயிற்று, சட்டைக்குள் போயிற்று. அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. கடைசி முடிச்சைப் போட்டதும் வாசலில் மரகதத்தின் குரல் கேட்டது.

நான் வேலியருகே நின்றுகொண்டிருந்தேன். என் சால்வை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் உள்ளே போனேன்.

சீரங்கன் கூடத்துக்குள் வந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். பெரிய மூட்டை ஒன்றிலிருந்து மூன்று தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன மாப்பிள்ளை, எழுந்திருக்க மாட்டீங்களா?"

"மரியாதை இல்லாம இல்லை, மாமா. எழுந்திருக்க முடியலை."

அவர் தொட்டிலைப் பார்த்தார். துணிக்குள்ளிருந்து ஒரு காம்பு எட்டிப் பார்த்தது.

"இது யாரு?"

"மாதிரிப் பிள்ளை, மாமா" என்றான் தொப்புளான். "அண்ணி கடுதாசியிலேயே 'மாதிரி'ன்னு எழுதியிருந்தாங்க."

வேடிக்கைக்காரர் முகத்தில் வேடிக்கை கொஞ்சமும் இல்லை. "மரகதம், பையைத் தூக்கு. ஒருத்தருக்கும் போர்வை இல்லை. சித்திரையில பார்த்துக்கலாம். பஸ் திரும்பறதுக்குள்ள கிளம்பு."

பிள்ளை குளிரில் வீறிட்டு அழுதது. கோதண்டன் முதல்முதலாகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை வெளியே வரவில்லை.

"டேய்" என்றான் தம்பிகளிடம். "மீசை இல்லைடா!"

மரகதத்துக்கு என்ன தோன்றியதோ, "போறதுக்கு முந்தி ஒருதரம் மடியில வெச்சுக்குங்க" என்று சொல்லிப் பிள்ளையை அவன் கழுத்தருகே இருந்த சந்து வழியாக உள்ளே விட்டாள். மூன்று ஆண்பிள்ளைகளின் சூடு, ஏழு சேலை, நடுவில் என் சால்வை. பிள்ளை ஒரு விக்கு விக்கியது. பிறகு அழுகையை நிறுத்தியது. பிறகு குறட்டை விட்டது. அந்த விஷயத்தில் அப்பனேதான்.

சீரங்கன் உறியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். "வெட்டி எடுத்துட்டுக் கிளம்பலாம்."

"தொடாதீங்கப்பா" என்றாள் மரகதம். "மூணு மாசத்துல அவன் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பையை இறக்குங்க. நான் இங்கேயே இருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். சாப்பிட்டார். போர்வையைத் தொட்டுப் பார்த்து, "தையல் நெருக்கமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார்.

பிள்ளை மூன்று மணிக்கு விழித்தது. மூன்று மாதப் பிள்ளை தூங்கி விழித்ததும் செய்ய வேண்டியதைத் தாராளமாகச் செய்தது. மரகதம் அதைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்க உள்ளே போனாள். போகிறபோது வாய்ப்பழக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னாள்: "போர்வை நனைஞ்சிருச்சு, அலசிக் காயவைக்கணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

அரைமணி நேரம் கழித்து நான் கொல்லைப் பக்கம் வந்தபோது, இரண்டு பலாமரத்துக்கு நடுவே கயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தொய்ந்திருந்தது. அதில் போர்வை. போர்வையில் மூவரும் வரிசையாக, சொட்டச் சொட்ட, பல் தந்தியடிக்கத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டையாகவே ஓடைக்கு உருண்டு போய் முங்கி வந்து, துணி மாட்டும் கவ்விகளை வாயாலேயே மாட்டியிருந்தார்கள்; தொப்புளான் வாயில் ஒன்று மிச்சம் இருந்தது.

"இறங்குங்கடா, குளிர்ல செத்துப்போவீங்க!"

"இன்னும் காயலை, சித்தப்பா" என்றான் கோதண்டன். "வெயில் இந்தப் பக்கம் வந்ததும் நாங்களே திரும்பிப்போம்."

"என் சால்வை எங்கடா?"

மூவரும் குனிந்து போர்வையைப் பார்த்தார்கள். பச்சைச் சாயம் ஒழுகி ஏகாம்பரத்தின் முழங்கால் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு கரித்தண்ணீரும்.

தொப்புளான் வாயிலிருந்த கவ்வியை எடுக்கச் சொல்லித் தலையை ஆட்டினான். எடுத்தேன்.

"ஓட்டெல்லாம் கரைஞ்சுபோச்சு, சித்தப்பா" என்றான் கவலையாக. "மறுபடி போடணும். உங்ககிட்ட இன்னொரு சால்வை இருக்கா?"