நயினாரின் மௌஸ்

ஆறுமுகநயினாருக்கு வயது அறுபத்தொன்பது. அவருடைய குருவான மடத்துச் சாமிக்கு முப்பத்தெட்டு. பழைய சாமி மறைந்து இவர் பட்டத்துக்கு வந்த அன்றைக்கே நயினார் போய்க் காலில் விழுந்துவிட்டார். குருவுக்கு வயது பார்க்கக் கூடாது என்பார். மற்றவர்களுக்கு எல்லாம் பார்ப்பார்.

மடத்து மாத இதழுக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் லே-அவுட். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாற்காலியை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எட்டு மாதமாக அவருடைய வயர்லெஸ் மௌஸ் மந்தம். கையை ஒரு சாண் இழுத்தால் திரையில் அம்புக்குறி ஒரு விரற்கடை நகரும். பேட்டரி மாற்றினார். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்த ரிசீவரைப் பிடுங்கி முன்னால் செருகினார். கண்ணாடி மேசையில் சரியாக ஓடாது என்று யாரோ சொல்ல, பேட் வாங்கிப் போட்டார். கடைசியில் புது மௌஸே வந்தது. அதுவும் அதே லட்சணம். மடத்து மானேஜர் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார், சிட்டாய்ப் பறந்தது.

அப்படியானால் கோளாறு தன் கம்ப்யூட்டரில்தான் என்று நயினார் முடிவு கட்டினார். அதைத் தொடுகிற இன்னொரு ஆள் கோதை. மெய்ப்புப் பார்க்கிறவள், நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். மடத்துச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. என்னத்தை மாற்றித் தொலைத்தாய் என்று எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்து ஏசினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தப்புப் பண்ணாதவள் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று அவருக்கு இன்னும் கோபம்.

நேரே சாமியிடம் போனார்.

"கோதையை அனுப்பிடுங்க சாமி. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

சாமி எழுந்து அவர் கூடவே இதழ் அறைக்கு வந்தார். நயினாரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே செட்டிங்கைத் திறந்தார். அம்புக்குறியின் வேகம் என்று போட்டிருந்த கோட்டில், நடுவில் இருக்க வேண்டிய குமிழ் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"குறைச்சு வச்சிருக்கு" என்றார் சாமி.

நான் சொன்னேனா இல்லையா என்பதுபோல் நயினார் நிமிர்ந்தார். ஒரு பாவமும் அறியாத பழைய மௌஸைக் குப்பையில் போட்டோமே என்றும் வருத்தப்பட்டார்.

சாமி குமிழை நடுவுக்குத் தள்ளினார். "இப்ப பிடிங்க."

நயினார் பிடித்தார். அம்புக்குறி நடுங்கியது. தலைப்பைத் தொடப் போனால் ஓரத்துக்கு ஓடியது. ஒரு வரியைப் பிடித்தால் வேறு வரியில் போய் விழுந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. முன்பு கையில் டம்ளர் நடுங்கியபோது சூடு என்றார், பேனா நடுங்கியபோது குளிர் என்றார். திரையில் நடுங்குவதற்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கேட்டார். "எட்டு மாசமாவா சாமி?"

"ஆமா."

"பக்கமெல்லாம் நேராத்தானே வந்துச்சு?"

"நீங்க வீட்டுக்குப் போனப்புறம் கோதை உட்கார்ந்து நேராக்குவா."

நயினாருக்கு நாற்காலி போகப் போகிறதே என்ற துக்கத்தைவிட, அவளை நிற்க வைத்து ஏசிய வெட்கம் பெரிதாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ."

சாமி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வேகத்தைக் குறைக்கச் சொன்னது நான். உங்க கை நடுங்குதுன்னு உங்ககிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க அவ்வளவு ஏசியும் அவ என்னைக் காட்டிக் கொடுக்கல."