புகையை முழம் போட்ட ராஜா

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இந்தக் கரையில் செங்கரை என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் பெயர் கொழுந்துவர்மன். நல்ல மனுஷன்தான். என்ன, காலையில் அவனுக்கு ஒரு ஆசை வந்தால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் மாடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, அக்கரையில் ஒரு கரும்புகை வானத்தை முட்டிக்கொண்டு எழும்புவதைப் பார்த்தான்.

"ராயரே, அது என்ன?"

பக்கத்தில் செம்பு பிடித்து நின்றவர் கஸ்தூரிராயர். ராஜா கேட்டு ஒருநாளும் 'தெரியாது' என்று சொல்லாதவர்.

"தொழில் வளர்ச்சி, பிரபு! புகை எவ்வளவோ அவ்வளவு செழிப்பு."

"அப்படியானால் நம் புகை எங்கே?"

"நம்மிடம் அடுப்புப் புகை மட்டும்தான், பிரபு."

அவ்வளவுதான். கோட்டைக்கு வெளியே ஏழு பெரிய உலைகள் எழும்பின. அவற்றில் இரும்பு உருகவில்லை, சுண்ணாம்பு வேகவில்லை. விறகு மட்டும் எரிந்தது. புகையை அளக்க ஓர் அதிகாரி பனைமரத்தில் ஏறி உட்கார்ந்தார். "இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு முழம்!" என்று அவர் கத்துவார், கீழே முரசு முழங்கும். சபையில் இருமினால் ராஜபக்தி. இருமாதவனை ராயர் ஒரு மாதிரி பார்ப்பார். பட்டத்து வெள்ளை யானை கன்னங்கரேல் என்று ஆனது. புலவர் அதை மேகம் என்று பாடிப் பட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டே மாதத்தில் நாட்டில் விறகு தீர்ந்தது. வண்டிச் சக்கரம் தீர்ந்தது. தேர்முட்டிப் பந்தலும் தீர்ந்தது. மிச்சம் நின்றது சூளைத் தெருத் தோப்பு ஒன்றுதான்.

பானை சுட்டுப் பிழைக்கும் அந்தத் தெருக்காரர்கள் தோப்பை நாலு பாகமாக வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு பாகத்தில் மட்டும் கிளை கழிப்பார்கள், அடிமரத்தைத் தொடமாட்டார்கள். நாலு வருஷம் சுற்றி வருவதற்குள் முதல் பாகம் மறுபடி தழைத்து நிற்கும். தெருவின் சூளைகளுக்கெல்லாம் பொறுப்பு சடைச்சி. கோடாரியோடு ஆட்கள் வருவதை அவள் பார்த்தாள். தோப்பு போனால் சூளை போச்சு. சூளை போனால் முப்பது வீட்டிலும் உலை கொதிக்காது. கை மண்ணைக்கூடக் கழுவாமல் நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

வாசலில் காவல்காரன் மறித்தான். "இருமிட்டுப் போ."

"எனக்கு இருமல் இல்லையேய்யா."

"சும்மாவாவது இருமும்மா. என் வேலைக்கு உலை வைக்காதே."

இருமிவிட்டு உள்ளே போனாள்.

"மகாராசா, தோப்பை வெட்டினா எட்டு நாள் புகை வரும். ஒன்பதாம் நாள்?"

ராஜா ராயரைப் பார்த்தான். ராயர் சிரித்தார். "பிரபு, இவள் சூளையில் புகையே வருவதில்லை. வேலை தெரியாதவள்!"

"புகைங்கிறது வேலை செய்யாம ஓடிப்போன விறகு சாமி. என் சூளையிலேருந்து எவனும் ஓடுறதில்லை."

"அபத்தம்! புகை பெருத்தால்தான் பானை உறுதி!"

சடைச்சி இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். "அப்படின்னா பந்தயம். இந்த வருஷம் தோப்புல கழிச்ச கிளையில ஆளுக்குப் பத்துக் கட்டு விறகு, ஆளுக்கு ஒரு சூளை. கடைசியில அவங்கவங்க பானையில தண்ணி ஊத்தி அவங்கவங்க தலையில வச்சு சபையைச் சுத்தணும். ஐயாவுக்குச் சம்மதம்தானே? பெரிய புகை, உறுதியான பானை, பயமென்ன?"

பயம் என்று சொன்னால் தன் சொல்லே பொய்யாகிவிடும். ராயர் தலையாட்டினார்.

ராஜாவுக்குக் குஷி. "தோற்றவர் சொல் இனி இந்தச் சபையில் ஏறாது!"

சடைச்சி விறகைச் சன்னமாகப் பிளந்து, காய வைத்து, பானைகள்மேல் வைக்கோல் பரப்பி, சேறு பூசி, காற்றுக்கு அளவாகத் துளை விட்டாள். ராயர் பச்சை விறகில் தண்ணீர் தெளித்து, மேலே ஈரத் தழையைக் கொட்டினார். அவர் புகை பனைமரத்து அதிகாரியையே மறைத்துவிட்டது. "எத்தனை முழம்?" என்று ராஜா கத்தினான். மேலிருந்து தும்மல்தான் பதிலாக வந்தது.

மூன்றாம் நாள் சூளைகளைப் பிரித்தார்கள். சடைச்சியின் பானையைத் தட்டினால் 'ணங்' என்றது. அதில் தண்ணீரை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, அவள் இரண்டு சுற்று வந்தாள். ராயரின் பானையைத் தட்டினால் 'தொப்' என்றது. அவர் முதல் அடி வைத்தார். காதோரம் சேறு வழிந்தது. இரண்டாம் அடியில் மீசை மறைந்தது. மூன்றாம் அடியில் பானையே இல்லை. களிமண் பொம்மை மாதிரி ஒருவர் நின்று கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கரைத் தூதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மன்னா, கவலை வேண்டாம்! உங்கள் நாடு இரண்டு மாதமாகத் தீப்பற்றி எரிகிறதே, அணைக்கலாம் என்று எங்கள் ராஜா நாற்பது ஓடம் நிறையத் தண்ணீர் அனுப்பியிருக்கிறார்!"

"ஆற்றின்மேல் தண்ணீரையா?" என்றான் ராஜா.

"பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை மன்னா. போன தடவை எங்கள் மடைப்பள்ளி பற்றிக்கொண்டபோது பட்ட பாடு அப்படி. கூரை முழுக்கப் போச்சு. அந்தப் புகையை நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள்."

சபையில் ஒருவரும் இருமவில்லை.

ராஜா மெள்ளச் சேற்றுப் பொம்மையின் பக்கம் திரும்பினான். "தொழில் வளர்ச்சியா, ராயரே?"

பொம்மை முகத்துச் சேற்றை வழித்துக்கொண்டது.

"கூரை வேய இன்னும் ஓடு கிடைக்கவில்லை, மன்னா" என்றார் தூதர்.

"நான் சுட்டுத் தர்றேன்" என்றாள் சடைச்சி. "தண்ணியை ஆத்துலேயே கொட்டிட்டு, ஓடத்துல ஓடுகளை ஏத்திக்கிட்டுப் போங்க."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தான். "உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா."

"கோடாரிக்காரங்க இன்னும் தோப்பு வாசல்லதான் நிக்கிறாங்க. முதல்ல அவங்களை வீட்டுக்கு அனுப்புங்க மகாராசா."

ஏழு உலைகளிலும் மிச்சமிருந்த நெருப்பு அன்றே அணைந்தது. இனி நாட்டில் யார் மரம் கழித்தாலும் சூளைத் தெரு முறைப்படி நாலில் ஒரு பாகம்தான் என்று சட்டமானது, மத்தியானத்துக்குள்தான். பனைமரத்து உத்தியோகம் ராயருக்குக் கிடைத்தது. ஓடு சுட்ட முதல் நாள் அவர் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி மேலிருந்து கத்தினார்:

"பிரபு, ஒன்றுமே தெரியவில்லை! அக்கரை வரைக்கும் வெறும் வானம்தான்!"

"சபாஷ்!" என்றான் ராஜா. "அடி முரசை!"