மொட்டைமாடியில் ஒரு புதினாத் தொட்டி

"நீங்களே நியாயம் சொல்லுங்க சாமி. மாடி யாருது? எனக்கா, அந்தச் சிட்டம்மாளுக்கா?"

பொன்னம்பலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். வயது அறுபதைத் தாண்டியும் கோபம் மட்டும் மூக்குநுனியை விட்டு இறங்கவில்லை. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சாமிக்கோ முப்பத்தைந்துகூட இராது.

சாமி வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"உங்க மாடிதான்."

"அப்படிச் சொல்லுங்க! துளசி, புதினா, தூதுவளை, கற்பூரவல்லின்னு மாசக்கணக்கா யோசிச்சு வச்சிருக்கேன். எந்தத் தொட்டி எங்கேன்னு தரையில சாக்பீஸால கட்டம்கூடப் போட்டாச்சு. மறுநாள் போய்ப் பார்த்தா, என் கட்டத்து மேலயே சேலையை விரிச்சு மோர்மிளகாயைக் காயப் போட்டிருக்கா!"

"மாடியில வேற இடம் இல்லையா?"

"இருக்கு. ஏன், நான் எதுக்குப் போகணும்? விடிஞ்சதுலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் விழுற இடம் அது ஒண்ணுதான். வெயில்தானே செடிக்குச் சோறு?"

"அந்தம்மாவுக்கு?"

"அவ கீழ் வீட்டுல வாடகைக்கு இருக்கிறவ. மோர்மிளகாய் வித்துப் பொழைக்கிறா. இந்த வெயிலை விட்டா வருஷமே போச்சுன்னு அழறா. அழட்டும்! இன்னைக்கே மாடியைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டேன். முதல் தொட்டியை நீங்கதான் உங்க கையால வைக்கணும்."

"அதுக்கென்ன, வச்சிட்டாப் போச்சு," என்று சாமி எழுந்தார்.

பொன்னம்பலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. சாமியே தன் கட்சி!

மாடியில் சிட்டம்மாள் பாதி காய்ந்த மிளகாயைச் சேலையோடு சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பொன்னம்பலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் இளகிவிடுமோ என்று பயம்.

அவள் மூட்டையோடு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாமி புதினாத் தொட்டியைத் தூக்கிக் கட்டத்தின் நடுவில் வைத்தார். ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினார்.

"பக்கத்துல உட்காருங்க. நான் சொல்ற வரைக்கும் தொட்டியை நகர்த்தக் கூடாது."

இதென்ன புதுச் சடங்கு என்று தோன்றினாலும் பொன்னம்பலம் உட்கார்ந்தார். ஊரோ சாத்தூர். வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. துண்டைத் தரையில் போட்டால் தலை சுட்டது, தலையில் போட்டால் தரை சுட்டது.

சாமி தண்ணீர் டேங்க் நிழலில் காலை நீட்டிக்கொண்டார்.

பொன்னம்பலத்துக்கு அதுவே பற்றிக்கொண்டு வந்தது. குரு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

உச்சிப்பொழுதில் புதினா தலையைத் தொங்கப் போட்டது.

"சாமி, செடி வாடுது."

"ம்."

இலைகளின் ஓரம் கருகிச் சுருண்டது.

"சாமி! கருகுது!"

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

பொன்னம்பலம் துள்ளி எழுந்தார். தொட்டியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்கால் பொசுங்கப் பொசுங்க நிழலுக்கு ஓடினார்.

"இதென்ன அநியாயம்! மிளகாயைக் காயப் போடுற இடத்துல பச்சைப் புதினாவை வச்சிட்டுத் தூங்குறீங்களே! நீங்கல்லாம் ஒரு சாமியா?"

சாமி கண்ணைத் திறந்தார்.

"கட்டம் போட்டது யாருங்க?"

பொன்னம்பலம் தொட்டியைப் பார்த்தார். வெறுமனே கிடந்த கட்டத்தைப் பார்த்தார். பிறகு, காலையிலிருந்து பார்க்காமல் தவிர்த்த முகத்தைப் பார்த்தார்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ சிட்டம்மா! மூட்டையைக் கட்டி வச்சிக்கிட்டு அங்கே என்ன உட்கார்ந்திருக்க? இம்புட்டு வெயிலும் வீணாப் போகுது. வந்து விரி!"