முந்நூறாம் எண்ணில் யாரும் இல்லை

"டீச்சர், கடல்மட்ட அட்டை செத்துப்போச்சு" என்றான் இசக்கிராஜா.

சூடாமணி டீச்சர் தலை நிமிரவில்லை. "எப்படித் தெரியும்?"

"புதுக் கெர்னல் கட்டி மூணு தடவை ஏத்திப் பார்த்துட்டேன். மூணு தடவையும் 'இல்லை'ன்னுதான் சொல்லுது."

துறைமுகத்தை ஒட்டிய அந்த அறையில் ஒரே ஒரு பழைய கணினி. கடல் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று, உள்ளே செருகியிருக்கும் அந்த மின்னணு அட்டைதான் அதற்குச் சொல்ல வேண்டும்.

கணினி கண் விழிக்கும்போது, அதற்கு உயிராக இருக்கும் கெர்னல் என்ற மென்பொருள், தன்னோடு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். இந்தக் காலத்து அட்டைகள் தாமாகவே கை தூக்கிவிடும். இது பழையது. தானாக வாய் திறக்காது. எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று நாம்தான் ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். கெர்னல் அந்த எண்ணில் கூப்பிடும். பதில் வந்தால் உண்டு. வராவிட்டால் இல்லை.

"கடைசியா யார் தொட்டது?"

"ஜெசிந்தா. கழட்டி மாட்டினா, கருக்கிட்டா. எப்போ கருக்கினன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பா."

ஜெசிந்தாவும் டீச்சரிடம் தொழில் கற்றவள்தான். இவன் ஒன்பது வருஷத்தில் பிடித்ததை அவள் இரண்டே வருஷத்தில் பிடித்துவிட்டாள். அது போதாதா? வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்.

டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"அட்டைய எப்போ கருக்கின?"

ஜெசிந்தா முழித்தாள்.

இயந்திரத்தைக் கருக்கியவள் என்று தாளில் எழுதி, டீச்சர் கையெழுத்துப் போட்டு, அவளை வேலையை விட்டு அனுப்பினார். அந்தத் தாள் இருக்கும்வரை எந்தக் கணினியின் பக்கத்திலும் அவளை நிற்கவிட மாட்டார்கள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அதே மாதிரி அட்டை இப்போது யாரும் செய்வதில்லை. எங்கெங்கோ கேட்டுப் பார்த்தார்கள். கடல் பாட்டுக்கு ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது, கணக்கு வைக்க ஆளில்லாமல்.

நாலாம் மாதம் இசக்கிராஜா பழைய பிரதிகளைத் துழாவியபோது ஜெசிந்தா எழுதிய கோப்பு கண்ணில் பட்டது. புதுக் கெர்னல் கட்டியபோது அவன் தூக்கி எறிந்த கோப்பு. நேற்று வந்தவள் எழுதியதை நான் தொடுவதா என்று, அட்டையோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, அதில் இருந்த முந்நூறாம் எண்ணைத் தானே புதிதாக எழுதியிருந்தான்.

இப்போதுதான் அவள் எழுதியதைப் படித்தான்.

'முந்நூறில் நெட்வொர்க் அட்டையோடு மோதுகிறது. கடல்மட்ட அட்டையை முந்நூற்றிருபதுக்கு மாற்றியிருக்கிறேன். இசக்கி அண்ணனிடம் சொல்ல வேண்டும்.'

அன்று சொல்லத்தான் வந்தாள். "அண்ணே, ஒரு விஷயம்" என்று மேசைப் பக்கம் வந்து நின்றாள். "போய் உன் சோலியப் பாரு" என்றான் இவன்.

ஓர் எண்ணை மாற்றினான். கணினியை அணைத்து எழுப்பினான்.

அட்டை பதில் சொன்னது. கடல் நாலடி.

'ராவும் பகலுமா உக்காந்து சரி பண்ணிட்டேன்' என்று சொன்னால் பாராட்டுகூடக் கிடைக்கும். அந்த எண்ணமும் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மத்தியானம் சோறு இறங்கவில்லை. எழுந்து போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"கெர்னல் பொய் சொல்லிச்சா?" என்றார்.

"இல்ல டீச்சர். நான் கொடுத்த எண்ணுலதான் கூப்பிட்டுச்சு."

"நானும் நீ கொடுத்த கேள்வியிலதான் அவளக் கூப்பிட்டேன்."

தாளைக் கிழித்தார். "போய் அவளக் கூட்டிட்டு வா."

"நீங்களும் வந்தா நல்லாருக்கும் டீச்சர்."

"கூட்டிட்டு வா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குருவாக இருந்தால் என்ன, வெட்கம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஜெசிந்தா இறால் உரிக்கும் கொட்டகையில் ஐஸ் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து வெளுத்துக் கிடந்தது.

"ஜெசிந்தா, அட்டை உயிரோட இருக்கு."

"தெரியும்ணே." இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"உன் கோப்ப இப்பத்தான் படிச்சேன். தப்பு என்னோடது. டீச்சர் தாளக் கிழிச்சுட்டாங்க. எந்திரி, வா."

"நீங்களா வந்தீங்களா, டீச்சர் அனுப்பினாங்களா?"

"டீச்சர்தான் அனுப்பினாங்க."

"வெளிய நிக்காங்களா?"

"இல்ல. அறையிலதான் இருக்காங்க."

ஜெசிந்தா அடுத்த இறாலை எடுத்தாள். கோபம் என்று சொல்ல அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"நான் இங்க இல்லன்னு போய்ச் சொல்லிருங்கண்ணே."

"எப்படிம்மா? நீ என் கண்ணு முன்னால இருக்கியே."

"சும்மா சொல்லுங்க. நீங்க சொன்னா டீச்சர் நம்புவாங்க."