சுடுகாட்டு வளைவில் நின்ற கார்

மலைப்பாதையில் சுடுகாட்டு வளைவு வந்தாலே எஸ்டேட் முதலாளி பொன்னம்பலத்தின் கார் முனகிக்கொண்டே நின்றுவிடும்.

"இன்ஜினுக்கு வேகம் கூடும்னு பெட்ரோல்ல ஆக்டேன் மருந்து ஊத்த ஆரம்பிச்சதுல இருந்துதாங்க இப்படி," என்றாள் டிரைவர் செவந்தி.

மருந்து விற்ற மாசிலாமணி விடவில்லை. "இது பேயோட வேலை. இன்னும் ரெண்டு பாட்டில் ஊத்தணும்."

"நாளைக்குள்ள பேயை விரட்டு, இல்லேன்னா வேலையை விட்டுடு," என்று செவந்தியிடம் சொல்லிவிட்டார் முதலாளி.

மறுநாள் பனிமூட்டத்தில், முதலாளியும் உள்ளே இருக்க, கார் அதே வளைவில் மறுபடி நின்றது. பின்னாலேயே தன் காரில் வந்த மாசிலாமணி இறங்கினார். செவந்தி மருந்து பாட்டிலோடு போய் அவருடைய டேங்க் மூடியைத் திருகினாள்.

"பேய் உங்க வண்டியையும் பிடிச்சிடக் கூடாதுங்களே. ஊத்திடறேன்."

"ஊத்தாதே, என் இன்ஜின் கெட்டுடும்," என்று பதறினார் மாசிலாமணி.

காரிலிருந்து இறங்கிய முதலாளி அவரையே முறைத்தார். பனிக்குள் யாரோ மெல்லச் சிரித்தார்கள். செவந்தி திரும்பிப் பார்த்தாள், அங்கே ஒருவருமில்லை.